அடுத்தடுத்து இரண்டு பூஜ்யம்

பொறியியல் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘மதிப்பெண் பட்டியலில் உள்ள பூஜ்யங்களை நீக்க பைத்தானில் ஒரு லூப் எழுதினேன். எல்லாம் போய், ஒன்று மட்டும் அப்படியே நிற்கிறது. எர்ரரும் வரவில்லை. ஏன்?’

எனக்கு மிகவும் பிடித்த புதிர் இது. பட்டியல் 4, 7, 0, 0, 9 என்று வைத்துக்கொள்வோம். லூப் எண்களை நினைவில் வைத்துக்கொண்டு போவதில்லை. எத்தனையாவது இடம் என்பதை மட்டுமே வைத்துக்கொண்டு போகிறது. மூன்றாம் இடத்தில் பூஜ்யத்தைப் பார்த்து நீக்குகிறது. உடனே, ரேஷன் கடை வரிசையில் ஒருவர் விலகினால் பின்னால் நிற்பவர்கள் முன்னேறுவதுபோல, இரண்டாவது பூஜ்யம் மூன்றாம் இடத்துக்கும், 9 நான்காம் இடத்துக்கும் வந்துவிடுகின்றன. லூப்போ மூன்றாம் இடம் முடிந்தது என்று நான்காம் இடத்துக்குப் போகிறது. அங்கே இருப்பது 9. இரண்டாவது பூஜ்யத்தை அது பார்க்கவே இல்லை. மிஞ்சுவது 4, 7, 0, 9.

பூஜ்யங்கள் தள்ளித்தள்ளி இருந்தால் இதே நிரல் சரியான விடையைத் தரும். தாவப்படுவது நல்ல எண் என்பதால் யாருக்கும் தெரியாது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

ஜாவாவில் இப்படிச் செய்தால் பெரும்பாலும் எர்ரர் காட்டி நிரல் நின்றுவிடும். சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் ‘ரிமூவ்’ என்று பெயர் வைத்த செயல்பாடு எதையும் நீக்குவதில்லை; வேண்டியவற்றை முன்னால் நகர்த்திவிட்டு, பட்டியலின் நீளத்தை அப்படியே விட்டுவிடும். மிச்ச வாலை நாம்தான் வெட்ட வேண்டும்.

பைத்தானில் தீர்வு எளிது. வேண்டாததை நீக்காதீர்கள், வேண்டியதைப் பொறுக்கிப் புதுப் பட்டியல் போடுங்கள். இதை ஒரே வரியில் எழுதும் ‘லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன்’ வசதி 2000-இல் வந்த பைத்தான் 2.0 முதலே இருக்கிறது. வேலையும் மிச்சம்: ஒரு லட்சம் எண்களில் முதலாவதை நீக்கினால் மற்ற 99,999-ம் ஓரிடம் நகர வேண்டும், புதுப் பட்டியலில் அந்த நகர்வே இல்லை. மூலப் பட்டியலும் கைபடாமல் இருக்கும். தவறு நேர்ந்தால் திரும்பிப் பார்க்கலாம்.

லேபில் கொடுத்த ஒரே உதாரணத்துக்கு விடை வந்தால் மதிப்பெண் போட்டுவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது மாற வேண்டும். நாளை இந்த மாணவர்கள் எழுதும் நிரல்கள்தாம் பயனாளிகளின் பட்டியலையும் நோயாளிகளின் பட்டியலையும் சலிக்கப்போகின்றன. அங்கே ஒரு வரி தப்பினால், தப்புவது ஒரு மனிதரின் பெயர். ஆசிரியர்களே, வேண்டாதவை அடுத்தடுத்து நிற்கும் பட்டியல், எல்லாமே வேண்டாதவையான பட்டியல், காலிப் பட்டியல் – இந்த மூன்றையும் கொடுத்துச் சோதித்த பிறகே மதிப்பெண் போடுங்கள்.