கட்டடம் அவருடையது, மனை யாருடையது?

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிப் பழைய வீடு ஒன்று விற்பனைக்கு வந்தால், விலை பேசும் முன் மனை யாருடையது என்று கேளுங்கள். அந்தப் பக்கம் கபாலீசுவரர் கோயிலுக்குச் சொந்தமான மனைகள் நிறைய. அடிமனை வாடகை கட்டிக்கொண்டு தலைமுறைகளாகக் குடியிருப்பவர்களும் உண்டு. வீட்டைத் தாத்தா கட்டியிருப்பார். சொத்து வரி ரசீதும் மின் இணைப்பும் பேரன் பெயரில் இருக்கும். இவற்றில் எதுவும் மண்ணுக்கு உரிமை தராது. அறநிலையத் துறைச் சட்டம் (1959) 34ஆம் பிரிவின்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. 2016 அக்டோபர் முதல், பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவைக் காட்டி இத்தகைய பத்திரங்களைச் சார்பதிவாளரே மறுக்கலாம். அதற்கு முன் பதிவானவைதான் சிக்கல்.

“ஈசி கிளியரா இருக்கு சார்” என்று தரகர் சொல்வார். அது பொய்யாக இருக்காது. ஆனால் வில்லங்கச் சான்றில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டுமே. பதியாத உயில், நிலுவையில் உள்ள பாகப்பிரிவினை வழக்கு, வாரிசுச் சான்றில் விடுபட்ட அத்தை எல்லாம் அதில் தெரியாது. மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை கைமாறிய வரிசையையும், நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் வக்கீல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். பூர்வீகச் சொத்தாக இருந்தால் மகள்களின் கையெழுத்து அவசியம். தமிழ்நாடு 1989இலேயே மகள்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டது. திருமணமான மகள்களுக்கு அப்போது விட்டுப்போனதை 2005இன் மத்தியத் திருத்தம் சரிசெய்தது. “அக்கா அமெரிக்காவில், பிரச்சினை பண்ணமாட்டாங்க” என்பதெல்லாம் சட்டம் அறியாத சமாதானம். அவர் விடுதலைப் பத்திரமோ முறையான பவரோ கொடுத்திருக்க வேண்டும்.

அடையாறு இந்திரா நகர், சாஸ்திரி நகர்ப் பக்கம் வீட்டுவசதி வாரிய மனைகள் அதிகம். அங்கே ஒதுக்கீட்டு ஆணை போதாது. தவணை முடிந்து வாரியம் எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம் வேண்டும்.

தி. நகரில் இப்போது தனி வீடு வாங்குகிறவர்கள் குறைவு. பழைய வீட்டை இடித்துக் கட்டும் அடுக்குமாடிதான். 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் எழும் கட்டடம் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிய வேண்டியதில்லை. இரண்டு கிரவுண்ட் என்பது சுமார் 446 சதுர மீட்டர். ஆக, இந்தப் பேட்டைகளின் வழக்கமான கட்டுமானம் பெரும்பாலும் ரெராவின் கண்ணில் படாது. வாங்குகிறவர்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும்.

முக்கியமாக யூடிஎஸ், அதாவது பிரிபடாத பங்கு. 4,800 சதுர அடி மனையில் ஒரே அளவில் எட்டு வீடுகள் என்றால் ஆளுக்கு 600. பத்திரத்தில் 525 என்றிருந்தால், எட்டு வீட்டுக்கும் சேர்த்து மீதி 600 சதுர அடி யார் பெயரில் நிற்கிறது என்று கேளுங்கள். மொட்டை மாடியில் இன்னொரு தளம் எழுப்பும் எண்ணம் சிலருக்கு இருக்கும்.

2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். புதுக் கட்டடத்தில் யாருக்கு எவ்வளவு என்று பேசும்போது அந்த 75 சதுர அடிக்குத்தான் சண்டை வரும்.