கொழுந்து மலையும் சிலிக்கன் சில்லும்

ஹற்றனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குப் பயணஞ் செய்வோர் தேயிலை மலைகளின் பசுமையைக் கண்டு களிப்பர். நாமோ அண்மைக் காலமாக அப்பசுமையினூடே அமைந்துள்ள ஒழுங்கினையே உற்று நோக்கி வருகின்றோம். கொழுந்து நிறுக்கும் மடுவம் அந்த வளைவில் ஏன் அமைந்தது? தொழிற்சாலை இந்த இடத்தில் ஏன் எழுந்தது? கூடை சுமப்போர் நடக்கும் தூரம் குறைய வேண்டும். பறித்த கொழுந்து பழுதுபடுமுன் தொழிற்சாலையை அடைய வேண்டும். பழைய தொழிற்சாலைகளின் மேல்மாடியிலே கொழுந்தை வாட்டுவர். வாடிய கொழுந்து, கீழ்த்தளத்தில் அரைக்கும் இயந்திரத்துக்கு நேரே இறக்கப்படும். தொடர்புடையவை அண்மையில் இருத்தல் வேண்டும் என்பதே இவ்வமைப்பின் விதி.

நம் கைத்தொலைபேசியினுள் இருக்கும் குறைகடத்திச் சில்லுக்கும் இதுவே விதியாகும். 1971இல் வெளிவந்த இன்டெல் 4004 என்னும் சில்லில் ஏறத்தாழ 2,300 திரான்சிற்றர்கள் இருந்தன. அதன் வரைபடத்தை மனிதர் கையினாலேயே வரைந்தனர். 2020இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட எம்1 சில்லிலோ 1,600 கோடி திரான்சிற்றர்கள்! நினைவகம், கணக்கிடும் பகுதி முதலானவற்றை ஒரு விரல்நகத்தளவான பரப்பில் எங்கெங்கு வைப்பது? அவற்றை இணைக்கும் கம்பி நீண்டால் செய்தி தாமதிக்கும், மின்சாரமும் வீணாகும். ஆயிரங் கட்டங்களில் ஆயிரந் துண்டுகளை வைக்கும் வழிகளைக் கணக்கிட்டால், விடை 2,568 இலக்கங்கள் கொண்ட எண்ணாக வரும். ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க உலகின் வயதும் போதாது.

இச்சிக்கலைத் தீர்க்க 1983இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த கேர்க்பற்றிக், ஜெலற், வெக்கி என்னும் மூவர் உலோகத் தொழிலிலிருந்து ஓர் உபாயத்தைக் கற்றனர். பழுக்கக் காய்ச்சிய உலோகத்தை மெல்ல மெல்லக் குளிரவிட்டால் அதன் உள்ளமைப்புச் சீர்ப்படும். அதுபோலவே, துண்டுகளை முதலில் தாராளமாக இடம் மாற்றிப் பார்த்து, பின்னர் படிப்படியாக நிலைபெறச் செய்தனர்.

2021 ஜூன் மாதத்தில் 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற விஞ்ஞான இதழில் வேறொரு வழி வெளியாயிற்று. மதுரையிற் பிறந்த சுந்தர் பிச்சை தலைமை வகிக்கும் கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்களான அசாலியா மிர்ஹொசெய்னி, அன்னா கோல்டி ஆகியோரும் அவர்தம் குழுவினரும் நரம்பணு வலையொன்றை இப்பணிக்குப் பழக்கினர். நரம்பணு வலையென்பது மூளையின் அணுக்கள் பின்னியிருக்கும் பாங்கைப் பார்த்து அமைத்த ஒரு கணக்கு முறை. அது துண்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டங்களில் வைக்கும். யாவும் வைத்து முடிந்தபின், கம்பியின் நீளமும் நெரிசலும் கணக்கிடப்பட்டு மதிப்பெண் வழங்கப்படும். குறைந்த மதிப்பெண் பெற்ற வழியை விடுத்து, கூடிய மதிப்பெண் பெற்ற வழியை அது பற்றிக்கொள்ளும். ஒரு சில்லிற் பெற்ற பழக்கம் அடுத்த சில்லுக்கும் உதவும். பொறியியலாளர் பல மாதம் உழைக்கும் பணியை 6 மணி நேரத்துக்குள் முடித்ததாக அக்குழுவினர் எழுதினர்.

கதை இத்துடன் முடியவில்லை. அதே இதழில் இம்முயற்சியைப் பாராட்டி எழுதியவர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அன்ட்ரூ காங். அவரே தம் குழுவினருடன் அதனைச் சோதிக்க முற்பட்டு, 2023இல் முடிவை வெளியிட்டார். பழைய முறைகள் பல இடங்களில் இதற்கு ஈடாகவோ மேலாகவோ நின்றன என்பதே அம்முடிவு. வலைக்கு இட்ட மதிப்பெண்ணும், சில்லு முழுமை பெற்றபின் காணும் வேகமும் சக்திச் செலவும் நன்கு ஒத்துச் செல்லவில்லை என்றும் அவர்கள் கண்டனர். முன்பயிற்சி அளிக்காது சோதித்தது முறையன்று எனக் கூகுள் குழுவினர் மறுத்தனர். 2024இல் தம் முறைக்கு 'அல்பாசிப்' என்று பெயரிட்டு, தம் சில்லுகளில் அது பயன்பட்டதை எடுத்துரைத்தனர். தாம் புகழ்ந்ததைத் தாமே சோதிக்கும் துணிவன்றோ விஞ்ஞானத்தின் உயிர்!

இவற்றையெல்லாம் வகுப்பிலே விளக்கிக் கொண்டிருந்தோம். தோட்டத்து லயனிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், எங்கள் தோட்டத்தை வரைந்த துரை எதைக் குறைக்கப் பார்த்தார்?" என்று வினவினாள்.

நாம் சற்று மௌனமானோம். கொழுந்து செல்லும் தூரத்தைக் குறைக்கப் பார்த்தார். விடியற்காலைப் பெரட்டுக்கு ஆட்கள் விரைந்து வர, லயன்களை அதற்கேற்ற இடத்தில் வைத்தார். கர்ப்பிணிப் பெண் வைத்தியசாலைக்குச் செல்லும் தூரமும், பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் தூரமும் அவருடைய கணக்கிற் சேரவில்லை. சேராதவை வரைபடத்திலும் இடம்பெறவில்லை. அதன் பலனை இம்மலைகளிலே தலைமுறைகள் தம் கால்களால் நடந்து தீர்த்தன.

நரம்பணு வலையும் அத்தகையதே. குறைக்கச் சொன்னதைத்தான் அது குறைக்கும், சொல்லாததை அறியாது. ஆகவே இயந்திரம் வந்துவிட்டது, இனி மனிதனுக்கு வேலையில்லை என்று அஞ்சுவது பொருந்தாது. எதனை அளக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை முன்னிலும் பெரிதாகின்றது.

அவ்வேலைக்கு நம் பிள்ளைகளும் உரியவராதல் வேண்டும். 2018இல் சென்னை ஐ.ஐ.ரி. குழுவினர் தாம் வடிவமைத்த 'சக்தி' என்னும் செயலியைச் சில்லாகவே வெளிக்கொணர்ந்தனர். நம் நாட்டிலே பேராதனையிலும் மொறட்டுவையிலும் பொறியியற் பீடங்கள் உள. அவற்றின் வாயிற்படி கணிதமே. பெற்றோரே, மாலையில் உங்கள் பிள்ளை கணக்குப் புத்தகத்தை விரிக்கும்போது, விறகுக்கும் தண்ணீருக்கும் அனுப்பாது ஒரு மணி நேரத்தை அதற்கென ஒதுக்கிக் கொடுங்கள். அம்மாணவி வினவிய வினாவை, நாளை வரைபடம் வரைவோரின் மேசையருகே இருந்து வினவ ஒருவர் வேண்டும். அவர் நம் மலைகளிலிருந்து செல்பவராய் இருக்கட்டும்.