மணி அடித்தால் யார் வருவது?

ஹெந்தளையில் எமது மாமி ஒருவர் தனியே வாழ்கின்றார். பிள்ளைகள் இருவரும் லண்டனில். ஒரு நாள் சுபஹுக்கு வுழூச் செய்யப் போனவர் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். கையடக்கத் தொலைபேசியோ கட்டிலில். காலை பத்து மணிபோல் வந்த மீன்காரர் கூப்பிட்டும் பதில் இல்லாததால்தான் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், எலும்பு முறியவில்லை. ஆனால் ஐந்து மணித்தியாலம் ஈரத் தரையில் கிடந்திருக்கின்றார்.

மகன் உடனே ஒரு கருவியை அனுப்பி வைத்தார். கழுத்தில் தொங்கவிடும் சிறு பொத்தான், தொலைபேசியுடன் பொருத்த ஒரு பெட்டி. இங்கே பொருத்தியும் பயனில்லை. பொத்தானை அழுத்தினால் பெட்டி அழைப்பது அந்நாட்டுக் கண்காணிப்பு நிலையத்தை!

வியாபார நண்பர்கள் இவ்விடத்தைக் கவனிக்க வேண்டும். மேல்நாடுகளில் 1970களில் வளர்ந்த தொழில் இது. அமெரிக்காவில் ஆண்ட்ரூ டிப்னர் என்ற உளவியலாளர் 1974இல் ஆரம்பித்த லைஃப்லைன் கம்பனியை 2006இல் பிலிப்ஸ் வாங்கியது. பெட்டி ஒருமுறைதான் விலைபோகும். கட்டணம் மாதாமாதம் வரும். இரவு இரண்டு மணிக்கும் அழைப்பை எடுக்க ஒரு மனிதர் விழித்திருப்பதற்கான கட்டணம் அது.

நமக்குத் தோதானது, சிம் அட்டை போட்டு, பதிந்து வைத்த இலக்கங்களை வரிசையாக அழைக்கும் ரகம். மலிவாகக் கிடைக்கின்றது என்று கொள்கலனில் ஏற்றி விடாதீர்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அமெரிக்காவில் 2022 பெப்ரவரியில் ஏடி அன்ட் டி நிறுவனம் 3ஜி சேவையை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த இத்தகைய பழைய கருவிகள் பயனற்றுப் போயின. அப்படிக் கழிக்கப்பட்ட சரக்கு எங்கே வரும் என்பது புறக்கோட்டையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பற்றரியையும் பாருங்கள். 2022இல் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தவர்கள் நாம்.

கருவி இருந்தால் மட்டும் போதாது. கேம்பிரிட்ஜில் 90 வயதைத் தாண்டியவர்களிடம் செய்த ஆய்வொன்று 2008இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. அழைப்பு மணி இருந்தும், தனியே விழுந்து எழும்ப முடியாமல் போனவர்களில் 80 வீதமானோர் அதைப் பயன்படுத்தவில்லையாம். எங்கள் மாமிக்கு முதலில் கைக்கடிகார ரகம்தான் வாங்கினோம். வுழூச் செய்யும்போது கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். விழுவதோ அங்கேதான்! நீர் புகாத, கழுத்தில் போடும் ரகம்தான் எமது வீடுகளுக்குச் சரி.

ஆகவே விற்க வேண்டியது சேவையை. வீட்டுக்குப் போய்ப் பொருத்துவது, ஒரு திறப்பை அயலவரிடம் கொடுத்து வைப்பது, மாதமொரு முறை சோதிப்பது. கட்டணத்தைப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்புவார்கள். அவர்கள் லண்டனில் இருந்துகொண்டு 1990ஐ அழுத்தினால் சுவசெரிய அம்பியூலன்ஸ் வராது. இங்குள்ள ஒருவர்தான் அழைக்க வேண்டும். 2016இல் இந்திய உதவியுடன் தொடங்கிய அச்சேவை இலவசம். ஐம்பது வீடுகளுடன் ஓர் இளைஞர் ஆரம்பிக்கலாம் என்பது என் கணக்கு. ஆனால் சாமானை விற்றுவிட்டு ஷட்டரை இழுத்துப் பூட்டுபவர் இதில் இறங்கக் கூடாது.

மாமியின் கருவியில் முதலாவது இலக்கம் என்னுடையது. போன வெள்ளிக்கிழமை சோதனைக்காக அழுத்தினார். என் தொலைபேசி கடையில் காசு லாச்சிக்குள் கிடந்தது, எனக்குக் கேட்கவேயில்லை. இரண்டாவதாக இருந்த பக்கத்து வீட்டு அம்மாதான் எடுத்தார். அன்றிரவே அவரது இலக்கத்தை முதலாவதாக மாற்றிவிட்டோம்.