மலரவிடாத பூச்செடி

முட்செடி என்றால் வேலியோரத்துக்கே உரியது என்பது நம்மவர் எண்ணம். ஐரோப்பியர்களோ அதில் ஒரு வகையைத் தோட்டத்தில் அழகுக்காகவும் வயலில் காசுக்காகவும் வளர்த்து வருகின்றனர். அதன் பெயர் ஆர்ட்டிசோக். நெசவாள அங்கத்தினர்களுக்கு அதனை அடையாளம் காட்டுவது எளிது. முன்னாளில் துணிக்குச் சாயம் தந்த குசும்பாப் பூவுக்கு அது நெருங்கிய உறவு. குசும்பா ஓராண்டில் மடியும். ஆர்ட்டிசோக்கோ வேர்க்கட்டையிலிருந்து ஆண்டுதோறும் துளிர்க்கும்.

ஆளுயரம் வளரும் இச்செடியின் சாம்பல் நிற இலைகள், பெரிய இறகுகள்போல் பிளவுபட்டு வளைந்திருக்கும். தண்டின் உச்சியில் தடித்த செதில்கள் அடுக்கிய மொக்கு தோன்றும். மலரவிட்டால் ஊதா நிறப் பெரும்பூ, தேனீக்கள் மொய்க்கும். இங்கிலாந்துத் தோட்டங்களில் இப்பூவுக்காகவே இதனை வைப்போர் உண்டு. விதை முளைத்த செடிகள் தாய்ச்செடியைப்போல் அமைவதில்லை. ஆதலின் வாழைக்குச் செய்வதுபோல் பக்கக்கன்றுகளைப் பிரித்து நடுவர்.

விற்பனைக்குப் பயிரிடுபவனோ பூவைக் காணலாகாது. மொக்கு விரியுமுன் அறுத்து வேகவைத்து, செதில்களின் அடிச்சதையையும் நடுச்சதையையும் உண்பர். விரியத் தொடங்கினால் நார் ஏறிவிடும். விலை ஏறட்டும், அடுத்த வாரம் அறுப்போம் என்று காத்திருக்க வழியில்லை. அறுத்ததை நெடுநாள் வைத்திருக்கவும் இயலாது. இந்த அவசரம் வாங்குவோருக்குப் பெரிய வசதி.

பிரான்ஸ் தேசத்தின் வடமேற்கில், பிரிட்டனிப் பகுதியிலுள்ள சேன் போல் த லெயோன் வட்டாரத்துக் குடியானவர்கள் இதனை நன்கு அனுபவித்தவர்கள். விளைச்சல் மிகுந்த காலத்தில் மொக்குகளைக் கொள்வாரின்றிக் கொட்டியதும் உண்டு. 1961-ல் அவர்கள் 'சிக்கா' என்னும் கூட்டு விற்பனைச் சங்கத்தை அமைத்தனர். அவ்வாண்டு ஜூன் 8-ல், விலை வீழ்ச்சியால் வெகுண்ட விவசாயிகள் மொர்லே நகரத்து அரசாங்கக் காரியாலயத்தைக் கைப்பற்றினர். தலைவர் அலெக்ஸி குர்வெனெக் கைதாகி, அம்மாதமே விடுதலையானார். அச்செயல் முறையன்று என்பது என் கருத்து. அவர்கள் ஏற்படுத்திய விற்பனை ஏற்பாடு ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

வாங்குவோர் அனைவரும் ஒரே மண்டபத்தில், கடிகாரம் போன்ற பெரிய முகப்பின் எதிரே அமர்வர். சரக்கின் தரமும் அளவும் அறிவிக்கப்பட்டதும் விலை மேலிருந்து கீழே இறங்கத் தொடங்கும். முதலில் பொத்தானை அழுத்துபவருக்கே சரக்கு. நம் ஊர் ஏலத்தில் விலை ஏறும், அங்கே இறங்கும். தாமதித்தால் மலிவாகலாம், ஆனால் பக்கத்திலிருப்பவர் முந்திக்கொள்வார். முன்பு குடியானவனுக்கு இருந்த அவசரம் இங்கே வியாபாரியைப் பற்றிக்கொள்கிறது. அன்றைய விலையும் எல்லோரும் அறிந்ததாகிறது. அங்கத்தினர்கள் நல்ல சரக்கை மறைவாக வெளியே விற்று, மிச்சத்தை மட்டும் சங்கத்துக்குக் கொணர்ந்தால் எந்த முகப்பும் பயன்படாது. இதை நம் சங்கங்களின் கணக்குகளைப் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

விளைச்சல் மிகுந்தால் விலை தாழ்வதை இம்முறையும் தடுப்பதில்லை. அதற்குப் புதிய சந்தை வேண்டும். அவ்விவசாயிகள் 1972-ல் கப்பல் கம்பெனி ஒன்றையே தொடங்கினர். 1973 ஜனவரியில், லாரிகளை ஏற்றிச் செல்லும் அதன் முதற் கப்பல் ரோஸ்காஃப் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் பிளிமத்துக்கு ஓடத் தொடங்கியது.