கொத்துச்சாவியும் கார்கில் அறிக்கையும்

யுத்தத்தில் தோற்ற தேசம் தோல்வியின் காரணத்தை விசாரிப்பதும், வென்ற தேசம் விழா எடுப்பதும் உலக வழக்கம். வெற்றி விழாவுக்குக் கட்டிய தோரணம் வாடுவதற்கு முன்பே, இந்த யுத்தம் நமக்குத் தெரியாமல் எப்படி வந்தது என்று ஒரு ராஜாங்கம் தன்னைத்தானே கேட்டுக்கொள்வது அபூர்வம். 1947, 1965, 1971 ஆகிய யுத்தங்களுக்குப் பின் நம் தேசத்தில் அப்படி ஒரு பொது விசாரணை நடந்ததில்லை. 1962-இல் சீனரிடம் பட்ட அடியைப் பற்றி ஹெண்டர்ஸன் புரூக்ஸும் பகத்தும் எழுதிய அறிக்கையோ, அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அரசாங்கத்தால் வெளியிடப்படாமல் பூட்டுக்குள்ளேயே இருக்கிறது.

இந்த வழக்கத்துக்கு விலக்காக அமைந்தது கார்கில். 1999 மே மாதத் தொடக்கத்தில், காணாமற்போன தம் யாக் மாட்டைத் தேடி மலையேறிய ஒரு மேய்ப்பர், பனிக்கிடையே அந்நியர் சிலர் பதுங்குகுழி தோண்டுவதைப் பார்த்து ராணுவத்தாரிடம் வந்து சொன்னார். பதினாறாயிரம் அடிக்கு மேற்பட்ட அந்தச் சிகரங்களில் பனிக்காலத்தில் காவல் நிலைகளைக் காலி செய்துவிட்டு, பனி உருகிய பின் திரும்பி ஏறுவது வெகுகாலமாக இருந்துவந்த ஏற்பாடு. அந்த இடைவெளியில்தான் பாகிஸ்தான் படையினர் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி வந்து, ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் பெருவழியைக் குனிந்து பார்க்கும் உயரங்களில் அமர்ந்துகொண்டனர். பிப்ரவரியில் லாகூரில் இரு பிரதமர்களும் கைகுலுக்கி ஒப்பமிட்ட மை உலரவில்லை. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் உயிர்கொடுத்த பின், ஜூலை 26-ஆம் தேதி அந்தச் சண்டை முடிந்தது. மூன்றே நாளில், ஜூலை 29 அன்று, அரசாங்கம் ஒரு பரிசீலனைக் குழுவை நியமித்தது.

அந்தக் குழுவின் தலைவர் நம்மவர். 1929-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் ரசாயனம் பயின்று, ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தில் சேர்ந்து, பின்னர் பீரங்கியையும் அணுகுண்டையும் பற்றிச் சிந்திப்பதையே தம் ஆயுட்காலப் பணியாக ஆக்கிக்கொண்ட கே. சுப்பிரமணியம் அவர். ஓர் அரசாங்க அதிகாரி சேனாதிபதிகளுக்கு யுத்த சாஸ்திரம் சொல்லலாமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர் சொன்னதைக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டவர்கள் அவர்களிலும் அதிகம். அவருடன் ராணுவத்தின் முன்னாள் துணைத் தளபதி கே. கே. ஹஸாரி, பத்திரிகாசிரியர் பி. ஜி. வர்கீஸ், தேசிய பாதுகாப்புக் கவுன்சில் செயலகத்தின் சதீஷ் சந்திரா ஆகியோர் அமர்ந்தனர். யாரையும் கட்டாயப்படுத்திச் சாட்சி சொல்ல வைக்கும் அதிகாரம் இவர்களுக்கு இல்லை. ஆயினும் முன்னாள் ஜனாதிபதி ஆர். வெங்கட்ராமன், முன்னாள் பிரதமர்கள், தளபதிகள், ஒற்றுத்துறைத் தலைவர்கள் எனப் பலரும் வந்து பேசினர். ஐந்து மாதத்துக்குள் அறிக்கை எழுதி முடிக்கப்பட்டு, 2000 பிப்ரவரியில் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. நம் நாட்டு விசாரணைக் குழுக்களின் ஆயுளை அறிந்தவர்களுக்கு இந்த வேகமே ஓர் அதிசயம்.

அறிக்கையைப் படிக்கிறவர் மனத்தில் தைக்கும் இடம் ஒன்று உண்டு. 1998 ஜூன் மாதத்திலேயே, கார்கிலுக்கு எதிர்ப்புறத்தில் நடக்கும் சில நடமாட்டங்களைப் பற்றி உள்நாட்டு ஒற்றுத்துறையாகிய ஐ.பி.யின் தலைவர் ஒரு குறிப்பு எழுதினார். அது பிரதமருக்குப் போயிற்று, உள்துறை மந்திரிக்குப் போயிற்று, வேறு சில பெரிய உத்தியோகஸ்தர்களுக்கும் போயிற்று. வெளிநாட்டு ஒற்றுக்குப் பொறுப்பான 'ரா' ஸ்தாபனத்தின் தலைவர், எல்லாத் துறைகளின் செய்திகளையும் கோத்துப் பார்க்க வேண்டிய கூட்டு உளவுக் குழுவின் தலைவர், ராணுவ உளவுத்துறையின் தலைவர் ஆகிய மூவருக்குத்தான் அது முக்கியமாகப் போயிருக்க வேண்டும். அந்த மூவருக்கும் அது எழுதப்படவில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுச் செய்தி இருந்தது. துண்டுகளை ஒட்டிப் பார்க்கும் பலகை எவரிடமும் இல்லை. ஒற்றரைப் பற்றித் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னொருவன் செய்தியோடு ஒப்பிட்டுக் கொள்ளச் சொன்னவர். இரண்டாயிரம் வருஷம் கழித்துத் தில்லியில் நான்கு நிபுணர் கூடி அதே உபதேசத்தைப் புதிதாக எழுதவேண்டியிருந்தது.

இத்தனைக்கும் அந்தக் குழு தனிமனிதர் எவர் தலையிலும் பழியைச் சுமத்தவில்லை. அது ஒரு குறை என்று அன்றே பலர் கண்டித்தார்கள். எனக்கும் அந்தக் கண்டனத்தில் ஓரளவு நியாயம் இருப்பதாகவே படுகிறது. ஆனால் பழி சுமத்தப் புறப்பட்ட குழுவிடம் எந்த அதிகாரி மனம் திறந்து பேசியிருப்பார் என்றும் யோசிக்க வேண்டும்.

அறிக்கைக்குப் பின் நடந்ததுதான் ருசிகரமான கதை. 2000 ஏப்ரலில் உள்துறை மந்திரி அத்வானியின் தலைமையில் மந்திரிகள் குழு ஒன்று அமைந்தது. அதற்கு உதவியாக ஒற்று, உள்நாட்டுப் பாதுகாப்பு, எல்லை, ராணுவ நிர்வாகம் என்று நான்கு பணிக்குழுக்கள் அமைந்தன. மறு வருஷம் பிப்ரவரியில் மந்திரிகளின் அறிக்கையும் வந்துவிட்டது. அதன் பிறகு காரியங்கள் நடந்த வரிசையைப் பார்த்தால், ஆலோசனைகளின் ஜாதகம் விளங்கும்.

கூட்டுக்குடும்பத்தில் புதிதாக ஓர் அறை கட்டுவது கஷ்டமில்லை. பணமிருந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டுவிடலாம். மாமியார் இடுப்பில் தொங்கும் கொத்துச்சாவியை இன்னொருவர் கைக்கு மாற்றுவதுதான் கஷ்டம். ராஜாங்கமும் ஒரு கூட்டுக்குடும்பமே. புதிய ஸ்தாபனம் வேண்டும் என்ற சிபாரிசுகள் மளமளவென்று நிறைவேறின. மூன்று படைகளுக்கும் பொதுவான ராணுவ உளவு நிறுவனம் 2002-இல் வந்தது. ஒட்டுக்கேட்பு, செயற்கைக்கோள் முதலிய தொழில்நுட்ப ஒற்றுக்கான நிறுவனம் 2004-இல் வந்தது. ஒரு மீட்டர் அளவுப் பொருளையும் பிரித்துக் காட்டும் நமது சோதனைச் செயற்கைக்கோள் 2001 அக்டோபரிலேயே வானேறிவிட்டது. ஓர் எல்லைக்கு ஒரு காவற்படை என்ற ஏற்பாட்டின்படி, நேபாள எல்லை ஒரு படைக்கும் சீன எல்லை இன்னொரு படைக்குமாகப் பங்கிடப்பட்டது.

சாவி கைமாற வேண்டிய சிபாரிசுகளின் கதி வேறு. தேசிய பாதுகாப்பு ஆலோசகர் அந்த ஒரு வேலையை மட்டுமே முழுநேரமும் பார்க்க வேண்டும் என்று சுப்பிரமணியம் குழு சொல்லிற்று. அப்போது அந்தப் பதவியில் இருந்த பிரஜேஷ் மிஸ்ரா பிரதமரின் முதன்மைச் செயலாளராகவும் இருந்தார். ஆட்சி மாறும் வரையில் இரண்டு பதவிகளும் அவரிடமே இருந்தன, 2004-இல் ஜே. என். தீக்ஷித் வந்த பிறகே அவை பிரிந்தன. முப்படைகளுக்கும் ஒரே தலைமைத் தளபதி வேண்டும் என்று மந்திரிகள் குழு சொன்னதோ, அரசியல் கட்சிகளைக் கலந்துகொள்ள வேண்டும் என்ற காரணம் காட்டி ஒதுக்கிவைக்கப்பட்டது. விமானப்படைக்குத் தன் தனித்தன்மை போய்விடுமோ என்ற பயம், சிவில் அதிகாரிகளுக்குத் தங்கள் மேஜையைத் தாண்டி ஒருவர் மந்திரியிடம் போய்விடுவாரோ என்ற பயம், அரசியல்வாதிகளுக்கு ஒரே சேனாதிபதியின் கையில் இவ்வளவு பலமா என்ற பயம். அந்தத் தளபதிக்கென்று ஒரு பொது அலுவலகம் மட்டும் 2001-இல் திறக்கப்பட்டது. வீட்டைக் கட்டிக் கிரகப்பிரவேசமும் செய்துவிட்டு, குடும்பத் தலைவர் வருகைக்காகப் பதினெட்டு வருஷம் காத்திருந்த கதை அது. ஜெனரல் பிபின் ராவத் அந்தப் பதவியை ஏற்றது 2020-ஆம் ஆண்டின் முதல் நாள்.

இன்னும் சில ஆலோசனைகள் வேறொரு ஆபத்து வரும்வரை அரைத் தூக்கத்தில் கிடந்தன. ஒற்றுத்துறைகள் எல்லாம் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான மையம் 2001-இல் பெயரளவில் தோன்றியது; 2008 நவம்பரில் பத்துப் பேர் கடல்வழியே வந்து பம்பாயை மூன்று நாள் சுட்டெரித்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. கடற்கரைக் காவலின் கதையும் ஏறத்தாழ இதுவே.

நிபுணர் சொல் வேதவாக்கல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கார்கில் சிகரங்களில் பனிக்காலத்திலும் படையை நிறுத்தி, அந்தப் பிரதேசத்தை இன்னொரு சியாசின் ஆக்கிவிடாதீர்கள், செலவும் உயிர்ச்சேதமும் தாங்காது, எல்லை மீறினால் தண்டிப்போம் என்று தெளிவாக அறிவித்துவிடுவதே போதும் என்று அந்தக் குழு கருதிற்று. ராணுவம் அதற்காகக் காத்திருக்கவில்லை. அறிக்கை எழுதி முடிவதற்கு முன்பே, செப்டம்பர் மாதத்தில், லேயைத் தலைமையிடமாகக் கொண்டு 14-ஆம் படைப்பிரிவை நிறுவி, மலைமேல் ஆட்களை நிரந்தரமாக அமர்த்திவிட்டது. ஒருமுறை ஏமாந்த காவல்காரனிடம் போய் இரவில் தூங்கு என்று எந்தப் பண்டிதர் சொன்னாலும் அவன் தூங்குவானா?

ஆலோசனையைப் பாதியாக எடுத்துக்கொள்வதும் உண்டு. சிப்பாய்களின் பதினேழு வருஷ சேவையை ஏழு முதல் பத்து வருஷமாகக் குறைத்து, அதன்பின் அவர்களைத் துணை ராணுவப் படைகளுக்கு அனுப்பினால், ராணுவம் இளமையாகவும் ஓய்வூதியச் செலவு மட்டாகவும் இருக்கும் என்று குழு யோசனை சொன்னது. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தை ஆதரித்தவர்கள் இந்த இடத்தை மேற்கோள் காட்டினார்கள். அந்தத் திட்டத்தில் சேவை நான்கு வருஷம். நாலில் ஒருவருக்கே ராணுவத்தில் நீடிக்க இடம். இளமை என்ற பாதி எடுபட்டது. அனைவரையும் வேறு படையில் சேர்த்துக்கொள்வது என்ற மறுபாதி அவ்வளவாக எடுபடவில்லை.

சுப்பிரமணியம் 1999-இல் தமக்கு அளிக்கப்பட்ட பத்மபூஷண் விருதை, அரசாங்க உத்தியோகஸ்தரும் பத்திரிகைக்காரரும் அரசாங்கத்திடம் பரிசு பெறலாகாது என்று சொல்லி மறுத்துவிட்டார். 2011 பிப்ரவரியில் அவர் காலமானார். முப்படைத் தளபதி பதவியைப் பிரதமர் செங்கோட்டையிலிருந்து அறிவித்தபோது அவர் இல்லை. வெளிநாட்டு மந்திரியாக அவருடைய மகன் ஜெய்சங்கர் இருந்தார். அந்த அறிக்கை புஸ்தகமாகவும் அச்சாகி வந்தது. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனால், வாக்கியம் ஒன்று ஏதோ சொல்ல வாயெடுக்கும் இடத்தில், பாதுகாப்பு கருதி அரசாங்கம் நீக்கிய பகுதி என்ற குறிப்பு குறுக்கே வந்து நிற்கிறது.