பாரில் சிக்கிய வலை

வலை கடலடிப் பாறையான பாரில் கொளுவினால் முழுப் பலத்தோடு இழுக்கக் கூடாதென்று யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்றொழிலாளிக்குத் தெரியும். இழுத்தால் வலை கிழியும். சிக்கிய கண்களை மட்டும் அறுத்துவிட்டு, மிச்சத்தோடு கரைசேர வேண்டும். மூளைக்கட்டியைத் தொடும் வைத்தியர்களுக்கு இதே பாடத்தைப் படிக்க நெடுங்காலம் எடுத்தது.

1957இல் மூளைச் சத்திரசிகிச்சை வைத்தியர் டொனால்ட் சிம்ப்சன் மூளையுறைக் கட்டிகளின் கணக்கை எழுதினார். ஒட்டிய உறையோடு முழுதாக எடுத்தால் 9 சதவீதம் திரும்பி வந்தன. ஒரு பகுதியை விட்டால் 44 சதவீதம். அதனால் துடைத்தெடுப்பதே கெட்டித்தனம் என்றானது. நரம்பு சேதமாகி முகம் கோணினாலும் உயிர் தப்பியதே பெரிதென்றிருந்தது. 1990களின் தொடக்கத்தில் குருநகர் நோயாளிக்குக் கொழும்பு போவதே பெரும்பாடு. போரில் தரைவழி அடைபட்டதால் கிளாலி நீரேரியை இரவில் வள்ளத்தில் கடக்க வேண்டியிருந்தது.

இன்று ஏ9 வீதியில் இரவு பஸ் ஏறினால் விடியக் கொழும்பு. வைத்தியமும் மாறிவிட்டது. புற்றுநோயல்லாத சிறு கட்டிகளுக்குக் குறிபார்த்த கதிர்வீச்சே பலவேளை போதும். காது நரம்புக் கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அதோடு அடங்கிவிடுகின்றன. முதல் இரண்டு வருடத்தில் சில கட்டிகள் வீங்கிப் பிறகு வற்றும். அதைப் பார்த்துப் பதறிக் கத்தி எடுப்பதில்லை. அதன் பிறகும் வளர்ந்துகொண்டே போனால்தான் சத்திரசிகிச்சை.

சிக்கல் அங்கேதான். கதிர் பட்ட இடம் தழும்பேறி, கட்டிக்கும் முகநரம்புக்கும் நடுவிலிருந்த மெல்லிய சவ்வு மறைந்து, இரண்டும் பலவேளை ஒட்டிக் கிடக்கும். பிய்த்தெடுத்தால் வாய் ஒருபக்கம் இழுபடும், கண் மூடாது. ஆகவே நரம்பை மின்கருவியால் கண்காணித்தபடி கட்டியைக் குடைந்தெடுத்து, நரம்பில் ஒட்டிய கடைசித் துண்டைத் தெரிந்தே விட்டுவிடுகிறார்கள். கதிர் படாத கட்டியை எடுப்பதைவிட இது கடினம்; ஆனாலும் இப்படி நிறுத்தினால் பலருக்கு முகம் தப்புகிறது. விட்ட துண்டும் பெரும்பாலும் வருடக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. ஆனால் சிலருக்கு மீண்டும் வளரும். அதனால் ஸ்கான் ஓயாது.

முன்பு சத்திரசிகிச்சைக்கூட வாசலில் நின்ற உறவுகள் கேட்டது, "எல்லாம் எடுத்தாச்சோ, டொக்டர்?"

இப்போது கேட்க வேண்டியது, "எவ்வளவு விட்டிருக்கிறியள்? அடுத்த ஸ்கான் எப்ப?"