பெயரைச் சொன்னால் இருப்பைச் சொல்லும் கட்டம்

விழுப்புரம், திண்டிவனம் கிளைகளின் கணக்கை எக்ஸெலில் எழுதிவரும் சங்கமொன்றைச் சென்ற விதைப்புக் காலத்தில் ஆய்வு செய்ய நேர்ந்தது. கிளைக்கு ஒரு தாள். தொகுப்புக்கு ஒரு தாள். தொகுப்பில் கிளையின் பெயரை மாற்றினாலே அதன் விதை மணிலா இருப்பு வந்து நிற்கும். ‘இன்டைரக்ட்’ என்னும் சூத்திரத்தின் வேலை அது:

=இன்டைரக்ட்("'"&ஏ2&"'!பி12")

ஏ2 கட்டத்திலுள்ள சொல்லைத் தாளின் பெயராகக் கொண்டு, அத்தாளின் பி12ஐப் படிக்கும். பேரேடுகளைப் புரட்டிப் புரட்டி எடுத்தெழுதிய கணக்கர்களுக்கு இஃது எத்துணை ஓய்வு!

ஆனால் திண்டிவனத் தாளின் நடுவே ஒரு வரி புகுத்தப்பட்டது. மொத்தம் பி13க்கு இறங்கிற்று. நேரடி இணைப்பாயின் தானே பின்தொடர்ந்திருக்கும். இச்சூத்திரத்துக்கோ பி12 என்பது வெறும் எழுத்து, அது நகரவில்லை. 86 மூட்டை இருக்க, கடைசி வரியின் 4 மூட்டையே தொகுப்பில் தெரிந்தது. பிழைக்குறியும் எழவில்லை. கிடங்கில் விதை கிடக்க, உறுப்பினர் சிலர் மண்டியில் கூடுதல் விலை கொடுத்து வாங்கினர்.

கணக்கரை நான் குறை கூறேன். வரி புகுத்துவது அவர் கடமை. எல்லாத் தாளிலும் மொத்தத்தை முதல் வரிக்கு ஏற்றி, சூத்திரத்தில் பி1 என்று திருத்தச் செய்தேன். கீழே எத்தனை வரி புகுந்தாலும் அஃது அசையாது. தாளின் பெயரில் ஓரெழுத்து மாறினாலும் சூத்திரம் திகைக்கும். எனினும் அப்போது பிழைக்குறி காட்டிவிடும். வேறு கோப்பிலிருந்து எடுப்பதாயின் அக்கோப்பும் திறந்திருத்தல் வேண்டும்.

மாத முடிவில் கிடங்கு மூட்டைகளை எண்ணி, தொகுப்புத் தாளோடு ஒப்பிடுமாறும் எழுதி வைத்து வந்தேன்.